வராத பரிசு



திருடன் எப்படி வருவான்? சுவர் ஏறிக் குதித்து வருவான். பூட்டை உடைத்து வருவான். பஸ் கூட்டத்தில் பாக்கெட்டில் கை விடுவான். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

"சாப்பிட்டாயா? உடம்பு எப்படி இருக்கிறது?" என்று தினமும் விசாரித்துக்கொண்டே ஒரு திருடன் வருவான். மாதக் கணக்கில் ஒரு பைசா கேட்க மாட்டான். அந்தத் திருடனைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

புனே நகரத்தில் ஓர் அம்மா இருந்தார். வயது 60. படித்தவர். நல்ல வேலையில் இருந்தவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவருக்கு நடந்தது 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பத்திரிகைகளில் வந்தது.

அதற்கு ஓர் ஆண்டு முன்பு, 2020 ஏப்ரல். கொரோனா ஊரடங்கு நேரம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. அப்போது அந்த அம்மாவுக்குப் பேஸ்புக்கில் ஓர் அழைப்பு வந்தது. 'நண்பர் ஆகலாமா?' என்று கேட்கும் அழைப்பு. அனுப்பியவன் பிரிட்டனில் இருப்பதாகச் சொன்னான். அம்மாவும் சம்மதித்தார். ஐந்து மாதம் பழக்கம் வளர்ந்தது. நம்பிக்கையும் வளர்ந்தது.

பிறகு அவன் ஒரு நல்ல செய்தி சொன்னான். "உங்கள் பிறந்த நாளுக்கு ஒரு ஐபோன் அனுப்பியிருக்கிறேன்!"

பரிசு வரவில்லை. போன்தான் வந்தது. கூரியர் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவர் சொன்னார். சுங்க அதிகாரி என்று இன்னொருவர் சொன்னார். "பார்சல் டில்லி விமான நிலையத்தில் நிற்கிறது. வரி கட்டினால் விடுவோம்" என்றார்கள். அம்மா பணம் கட்டினார். "உள்ளே நகையும் வெளிநாட்டுப் பணமும் இருக்கிறது. இன்னும் கட்டுங்கள்" என்றார்கள். மறுபடியும் கட்டினார்.

மொத்தம் எத்தனை முறை கட்டினார் தெரியுமா? 207 முறை. 27 பாங்க் கணக்குகளில் பணம் போட்டார். போன பணம் 3,98,75,500 ரூபாய். மூன்று கோடியே 98 லட்சத்து 75 ஆயிரத்து 500. வகுத்துப் பாருங்கள். ஒரு முறைக்குச் சராசரியாக ஒரு லட்சத்து 92 ஆயிரத்துக்கும் மேல் வருகிறது.

ஐபோன் விலை என்ன? அந்தப் பணத்தில் ஒரு கடை நிறைய வாங்கலாமே!

இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். "இவ்வளவு படித்தும் புத்தி இல்லையா?" என்பார்கள். சிரிப்பவர் சுவார்கேட் பஸ் நிலையத்தில் நின்றிருப்பார். ஒரு மணி நேரம் ஆகியும் பஸ் வராது. ஆட்டோவில் போகலாமா என்று யோசிப்பார். "இவ்வளவு நேரம் நின்றாயிற்று. இப்போது போனால் நின்றது வீண்" என்று இன்னும் அரை மணி நேரம் நிற்பார். பணம் கட்டியவர் மனசும் அப்படித்தான். பத்து முறை கட்டியவரைப் பதினோராவது முறை கட்ட வைப்பது வெறும் ஆசை மட்டும்தானா? கட்டிய பத்தும் போய்விடுமே என்ற பயமும்தான். திருடனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் "இது கடைசித் தவணை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறான்.

இது புதிய வித்தையும் இல்லை. 100 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் கடிதம் எழுதி இப்படி ஏமாற்றினார்கள். 'ஸ்பெயின் சிறைக் கைதி' மோசடி என்று அதற்குப் பெயர். ஒரு பெரிய பணக்காரர் சிறையில் இருக்கிறாராம். அவரை விடுவிக்க இவர் பணம் அனுப்ப வேண்டுமாம். வெளியே வந்ததும் அவர் பல மடங்காகத் தருவாராம். அனுப்பியவருக்கு அடுத்த கடிதம் வரும். அதிலும் பணம்தான் கேட்டிருக்கும்.

இன்று கடிதம் போய் செல்போன் வந்திருக்கிறது. ஓரிடத்தில் நட்பு என்பான். ஓரிடத்தில் காதல் என்பான். கணவரை இழந்தவரிடம் கல்யாணம் என்பான். வெளிநாட்டு டாக்டர் என்பான், கப்பல் இன்ஜினீயர் என்பான், ராணுவ அதிகாரி என்பான். ஆண்களிடம் பெண் குரலில் பேசுவதும் உண்டு. வீடியோவில் முகம் காட்டினாலும் நம்பிவிட முடியாது. வேறு ஒருவர் முகத்தைப் பொருத்திக் காட்டும் கம்ப்யூட்டர் வித்தை இப்போது வந்துவிட்டது. "நம் விஷயம் வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று மட்டும் தவறாமல் சொல்வான். அங்கேயே உஷாராக வேண்டும்.

சுங்க வரி என்று ஒன்று உண்டா? உண்டு. வெளிநாட்டுப் பொருளுக்கு வரி உண்டுதான். பொய்யோடு கொஞ்சம் உண்மையைக் கலந்தால்தானே விலை போகும்! ஆனால் அந்த வரி அரசாங்கத்துக்குப் போகும். அதற்கு ரசீது உண்டு. சுங்க அதிகாரி போன் செய்து, ஒரு தனி ஆளின் கணக்கில் பணம் போடச் சொல்ல மாட்டார். சுங்க இலாகாவே இதை அறிவித்திருக்கிறது. பணம் அனுப்பும் முன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாலே போதும். 'சுங்கம்' என்று சொல்லிவிட்டு யாரோ ஒரு ஆளின் பெயர் இருந்தால், நிறுத்திவிடுங்கள்.

"எங்களிடம் கோடி எங்கே இருக்கிறது? எங்களை யார் ஏமாற்றப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். அந்த 27 கணக்குகளை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட திருடன் தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்வானா? ஏழை எளியவர் கணக்கைத் தேடி ஆள் அனுப்புவான். "அக்கா, உங்க பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் கொடுங்க. மாசம் ஐயாயிரம் தரேன். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை" என்பான். கொடுத்தால் திருட்டுப் பணம் அந்த அக்காவின் கணக்கில் வந்து போகும். போலீஸ் முதலில் வருவது அக்காவின் வீட்டுக்குத்தான். கணக்கை முடக்குவார்கள். கேஸிலும் சேர்க்கலாம். இன்னொரு ஆள் போல நடித்துக் கம்ப்யூட்டர், செல்போன் வழியாக ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 66-டி பிரிவு அது. பாஸ்புக்கை வாடகைக்கு விடாதீர்கள்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது? 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். இந்தியா முழுவதற்கும் இந்த எண்தான். அங்கே சொன்னால் பாங்குக்குத் தகவல் போகும். திருடன் பணத்தை எடுப்பதற்குள் தகவல் போய்விட்டால், அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. எடுத்துவிட்டால் மீட்பது கஷ்டம். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பக்கத்துப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். புனேயில் இதற்கென்றே சைபர் போலீஸ் நிலையம் இருக்கிறது. அந்த அம்மாவும் போலீசுக்குப் போனார். அவர் போனதால்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது.

பலர் போவதில்லை. வெட்கம்! மகன் என்ன சொல்வான், மருமகள் என்ன நினைப்பாள் என்ற பயம். அந்த வெட்கம் திருடனுக்குப் பூட்டும் சாவியும் மாதிரி. வெட்கப்பட வேண்டியவன் அவன்தானே?

உங்கள் வீட்டில் அம்மாவோ, தங்கையோ, மாமாவோ இப்படி வந்து நின்றால் திட்டாதீர்கள். தண்ணீர் கொடுங்கள். உட்கார வையுங்கள். போனில் வந்த செய்திகளை அழிக்க விடாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு ரூபாய், எந்தக் கணக்கு என்று எழுதுங்கள். கடைசியாக அனுப்பிய பணத்திலிருந்து தொடங்குங்கள். பாங்கை விட்டு இன்னும் வெளியே போகாமல் இருப்பது பெரும்பாலும் அந்தப் பணம்தான்.