கசப்புக் கீரையும் பெரட்டுக் களமும்

யூதர் வீடுகளில் ஆண்டுதோறும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பஸ்கா இரவு வருகிறது. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோர்கள் மோசேயின் தலைமையில் வெளியேறிய கதை, அன்று சாப்பாட்டு மேசையிலேயே சொல்லப்படுகிறது. தட்டில் உள்ள கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு. தொட்டுக்கொள்ளும் உப்பு நீர் கண்ணீர். பழமும் கொட்டையும் சேர்த்து இடித்த கலவை, செங்கல்லுக்குப் பிசைந்த மண். ரொட்டியோ புளிக்காதது. கிளம்பிய அவசரத்தில் மாவு புளிக்க ஏது நேரம்? (இன்றும் மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டுவிட வேண்டும்.)

கதையைத் தொடங்கி வைப்பது வீட்டின் கடைக்குட்டி. இந்த இரவு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது என்று பிள்ளை கேட்க, பெரியவர் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்பார். தனியாக இருப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்வி இல்லாமல் அந்த இரவு இல்லை.

யூதர்கள் ஏதோ தூர தேசத்தார் அல்லர். கொச்சி மட்டாஞ்சேரியில் அவர்கள் 1568-ல் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. பினாங்கிலும் அவர்களுக்கு ஒரு பழைய இடுகாடு உண்டு.

இனி ராசா வட்டாரத் தோட்டங்களுக்கு வருவோம். ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றுவது 1910-ல் நின்றது. கங்காணி ஆள் பிடித்து வருவது 1938 வரை நடந்தது. 1942-43-ல் சயாம் ரயில் பாதைக்குப் போன தமிழர் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. தீபாவளி இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, மாரியம்மன் திருவிழாவும் இருக்கிறது. சயாமில் மாண்டவர்களுக்கு அங்கங்கே அஞ்சலியும் நடக்கிறது. ஆனால் கப்பலேறி வந்த கதையைச் சொல்ல வீட்டுக்குள் ஓர் இரவு உண்டா?

விடுதலை இனிப்பாகவே இருக்கும் என்றும் யூதர் நூல் சொல்லவில்லை. பாலைவனத்துக்கு வந்தவர்கள் எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்களாம்! தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்த பாட்டிகள், லயத்து வாசலையும் கோயில் திடலையும் பேசிப் பேசி ஏங்குவதும் அப்படித்தான். அதற்காக அவர்கள் பெரட்டுக் களத்தை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இருட்டிலேயே அங்கே வரிசையில் நின்றது, கிராணி பேர் கூப்பிட்டது, தாமதமானால் அன்றைய வேலை போனது எல்லாம் அந்த ஏக்கத்துக்கு அடியிலேயே கிடக்கின்றன. தோண்டித்தான் எடுக்க வேண்டும். தோண்டுவதற்குக் கடைக்குட்டிகள் வேண்டும்.

ரப்பர் மரமே இல்லாத அந்த மூன்றாம் மாடியில், பாட்டி ஏன் இன்னும் விடிகாலை நான்கு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்? முதல் கேள்வியாக இதையே கேட்கலாம்.