இருட்டிலே ஓர் அஞ்சலோட்டம்
(மன்றத்தின் மாதக் கூட்டத்திலே ஆற்றிய உரை)



விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் எம்மைப் பிடித்து, "அந்தக் காட்டு ஓட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று செயலாளர் கட்டளையிட்டுவிட்டார். வெற்றிக் கதையை எதிர்பார்த்து வந்தோர் இருந்தால் முன்கூட்டியே மன்னித்தருள வேண்டும்.

பின்லாந்து தேசத்திலே யூன் மாதத்தில் நடைபெறும் யூக்கொலா என்னும் அஞ்சலோட்டத்தைப் பற்றியே பேசப் போகிறோம். 1949ஆம் ஆண்டிலே தொடங்கியது. குழுவுக்கு எழுவர். ஒருவர் பின் ஒருவராகக் காட்டுக்குள் ஓடி வரவேண்டும். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்களின் முதல் ஓட்டக்காரர்கள் ஒரே வேளையில் புறப்படுகிறார்கள். நெற்றியிலே ஆளுக்கொரு விளக்கு. தூரத்தில் நின்று பார்த்தால் தீவட்டி ஊர்வலம் ஒன்று வெறிகொண்டு ஓடுவது போலிருக்கும்.

எழுவர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அலெக்சிஸ் கிவி என்பார் 1870இல் வெளியிட்ட 'ஏழு சகோதரர்' என்னும் நாவலிலிருந்து. யூக்கொலா என்பது அச்சகோதரர்களின் வீட்டுப் பெயர். வாசிக்கக் கற்றுக்கொள் என்று கோயிற் பணியாளர் படுத்திய பாட்டைத் தாங்கமாட்டாமல் யன்னல் வழியாகத் தப்பி, பின்பு காட்டிலே குடியேறியவர்கள் அவர்கள். மிஷன் கல்லூரி விடுதியில் வளர்ந்த எமக்கு அவர்கள் மேல் இரக்கம் பிறந்ததில் வியப்பில்லை. பெண்களுக்கென நால்வர் ஓடும் அஞ்சலோட்டம் 1978 முதல் நடைபெறுகிறது. அதற்கு வென்லா என்று பெயர். அச்சகோதரர் மணமுடிக்க விரும்பிய பெண்ணின் பெயர் அது.

விளையாட்டின் விதி எளிது. வரைபடத்திலே வட்டமிட்டுக் காட்டிய நிலைகளை ஒழுங்கு மாறாமல் தேடிச் செல்லவேண்டும். செம்மஞ்சளும் வெள்ளையுமான துணி ஒவ்வொரு நிலையிலும் தொங்கும், அதற்கோர் எண்ணும் இருக்கும். அங்குள்ள கருவியிலே எமது மின்னணு அட்டையை வைத்தால் பதிவாகும். ஒரு நிலை தவறினாலும் எழுவரின் ஓட்டமும் செல்லாது. அவ்வரைபடத்திலே வெள்ளை நிறம் வெட்டவெளியைக் குறிப்பதன்று. ஓடக்கூடிய காட்டையே குறிக்கும். வெட்டவெளிக்கு மஞ்சள், அடர்ந்த புதருக்குப் பச்சை, சதுப்புக்கு நீலக்கோடு. இதைப் பழகவே எமக்கு ஒரு குளிர்காலம் சென்றது. கல்லூரிச் சாரணர் படையிலே திசையறி கருவியைப் பிடித்ததுண்டுதான். ஆனால் நம்மூர்ப் பனங்கூடலில் எப்பக்கம் நடந்தாலும் ஒரு வேலியில் முட்டலாம். அங்கே வேலி இல்லை.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. எல்லோரும் ஒருவர் பின் ஒருவராய் ஓடிவிடாதபடி, குழுவுக்குக் குழு சில நிலைகளை மாற்றி வைக்கிறார்கள். முன்னே ஓடுபவருக்குரிய நிலை எமக்குரியதாக இராது.

2023ஆம் ஆண்டு யூன் 17ஆந் திகதி, ஹெல்சிங்கிக்குக் கிழக்கே உள்ள போர்வோ நகரின் அயலில் நாங்கள் எழுவர் கூடினோம். இருவர் நம்மவர், ஏனையோர் அந்நாட்டுப் பல்கலைக்கழகத் தோழர்கள். எங்களில் இரண்டாவதாக ஓடியவர் நள்ளிரவு கழிந்து ஒரு மணியளவிலே புறப்பட்டார். நான்கு நிலைகள் ஒழுங்காக வந்தன. ஐந்தாவதற்குப் போகையில் முன்னே பத்துப் பன்னிரண்டு விளக்குகள் இடப்பக்கமாகச் சென்றன. கையிலிருந்த கருவியோ வலப்பக்கம் என்றது. கருவி ஒன்று, மனிதர் பன்னிருவர். அவர் மனிதரை நம்பினார். பாறையடியிலே துணியைக் கண்டார், எண்ணைப் பாராமலே அட்டையை வைத்தார், ஓடினார்.

ஏழாம் நிலையிலே நெஞ்சில் ஒரு முள். ஐந்தாம் நிலை சிறு மேட்டின் உச்சியில் என்றல்லவா வரைபடம் சொல்லிற்று? தாம் தொட்டது பாறையடியில் அல்லவா?

அவ்விடத்தில் அவர் நின்ற நேரம் இரண்டு நிமிடம் இருக்கலாம். சப்பாத்து நிறையச் சதுப்பு நீர். திரும்பினால் ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் மறுபடி தொடவேண்டும், அரைமணிக்கு மேல் போய்விடும். மூன்றாவது ஓட்டக்காரர் குளிரிலே காத்து நிற்கிறார். எண்ணைத்தான் பார்க்கவில்லையே, ஒருவேளை சரியாகவும் இருக்கலாமே! பாராதிருந்ததே ஒரு வசதியாகத் தோன்றியது என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பேசாமல் ஓடி முடித்து, பிழையென்று தெரியவரும்போது மற்றவர்களோடு சேர்ந்து தாமும் வியப்படையலாம்.

அவர் திரும்பினார். பாறையடிக்கு வந்து எண்ணைப் பார்த்தார்: 81. வேண்டியது 74. அதன்பின் யாருடைய விளக்கையும் தொடரவில்லை. தம் விளக்கையே அணைத்துவிட்டு நின்றார். யூன் மாதத்து வடநாட்டு வானம் முற்றாக இருளுவதில்லை. கண் பழகியதும், விளக்கொளியிலே தெரியாதிருந்த மேடு மரங்களுக்கிடையே கறுப்பாக எழுந்து நின்றது. அதன் உச்சியிலே 74.

ஓட்டத்தை முடித்து வந்தபோது விடிந்துவிட்டது. மூன்றாமவர் கம்பளியைக் கழற்றி எறிந்தார், வரைபடம் கைக்கு வந்ததும் ஒரு சொல்லும் கேளாமல் ஓடிவிட்டார். அந்த மௌனம் ஏச்சிலும் பார்க்கக் கடுமையாயிருந்தது. கூடாரத்திலே தலைவரிடம் நடந்ததைச் சொன்னதற்கு, "எண்ணைப் பார்த்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லிக் கோப்பியை நீட்டினார். பின்லாந்துக்காரர் அதிகம் பேசுவதில்லை. நாம் அப்படியல்ல என்பதற்கு இவ்வுரையே சான்று.

அந்த இரண்டாமவர் யார் என்பதைச் சபையோர் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். பெயர் வேண்டியதில்லை.

பிந்திய குழுக்களின் கடைசி ஓட்டக்காரர்களைக் காலையிலே ஒன்றாகப் புறப்பட விடுவது வழக்கம். எங்களவரும் அவ்வாறே புறப்பட்டு வந்து சேர்ந்தார். பிற்பகலில் முடிவுப் பட்டியலைப் பார்த்தோம். எழுவர் பெயருக்கு எதிரிலும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் நீண்ட நேரம் இரண்டாம் பெயருக்கு எதிரே இருந்தது. எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று அறிய விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் தேத்தண்ணீர் வேளையிலே தனியாக வந்து கேட்கலாம்.