குஞ்சுங்க பறந்து போச்சா சார்?
(ஆசிரியர்களுக்கான சுற்றுச்சூழல் பயிற்சி முகாமில் ஒளிப்படக் கலைஞர் ஒருவர் ஆற்றிய உரை)



14 ஆண்டுகள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவேன். ஒருநாள் வேலையை விட்டேன். "ஆசை சரி, மாதச் சம்பளம்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்றைக்கும் முகூர்த்த நாள்களில் கல்யாணப் படம் எடுத்துத்தான் காடு சுற்றும் செலவைச் சமாளிக்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு.

வேலையை விட்ட புதிதில், வேலியோரப் புதரில் ஒரு கொண்டைக்குருவிக் கூட்டைப் பார்த்தேன். மூன்று குஞ்சுகள். இலைகள் மறைத்தன, வெளிச்சமும் போதவில்லை. இலைகளைக் கிள்ளிப் போட்டேன். ஒரு சிறு கிளையையும் ஒடித்தேன். தாய் இரை ஊட்டும் படம் அருமையாக வந்தது. போட்டி ஒன்றில் பரிசும் கிடைத்தது.

அந்தப் படத்தை ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் திரையில் காட்டினேன். நல்ல கைதட்டல். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தக் குஞ்சுங்க அப்புறம் பறந்து போச்சா சார்?" என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். படமெடுத்த மறுநாளே கூடு காலி. இறகு முளைக்காத குஞ்சுகள் எங்கே பறக்கும்? மறைவு போனதும் காக்கையின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பிள்ளையிடம், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் அது உறுத்தியது. தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு மறுபடியும் அதே வகுப்புக்குப் போய், நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கிளையை ஒடிக்காம நூலால ஒதுக்கிக் கட்டிட்டு, அப்புறம் அவுத்து விட்டிருக்கலாமே சார்" என்றாள். 14 ஆண்டு அனுபவசாலிக்குத் தோன்றாத யோசனை!

அதன்பிறகுதான் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போனேன். அங்கே வீட்டோரத்து மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளும் என்று ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்தும் விடுகிறார்கள். எச்சம் கலந்த ஏரி வண்டல் அவர்கள் வயலுக்கு உரம். வேடந்தாங்கல் மக்களும் அப்படித்தான். 1798ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பறவைகளைக் காக்க ஆணை வாங்கியவர்கள். அவர்கள் யாரிடமும் கேமரா இல்லை.

உங்கள் பள்ளிக்கு அருகிலும் ஒரு கண்மாயோ குளமோ இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்து கத்தினால், நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று பொருள், அப்படியே பின்வாங்கிவிடுங்கள். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

இனி நான் காட்டப்போகும் படங்களில் கூடு எதுவும் வராது, ஒன்றைத் தவிர. அது அந்தப் பரிசுப் படம். யாராவது விளக்கை அணைக்கிறீர்களா?