டவுன் ஹாலில் அயோத்திதாசர் கேட்ட கேள்வி



ராஜபாளையத்தில் நின்றுகொண்டு சென்னையின் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறோம். காரணம் இருக்கிறது. யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணன் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டியவர். ஸ்ரீவில்லிபுத்தூர் தொடங்கி இந்தப் பக்கத்து ஊர்ப் பொங்கல்களில் விடிய விடிய ஆடியிருக்கிறார். கூரை போட்ட ஓர் அரங்கத்தில் அவர் ஆடி நாங்கள் பார்த்ததே இல்லை. அரங்கம் யாருக்காகக் கட்டப்படுகிறது என்ற கேள்வி எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

சென்னை சென்ட்ரலில் இறங்கியவர்கள் ரிப்பன் மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் செங்கல் நிறத்தில் நிற்பது விக்டோரியா பப்ளிக் ஹால். அன்று டவுன் ஹால் என்றார்கள். 1883இல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் சிசோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. நிலம் நகராட்சியுடையது, 99 ஆண்டுக் குத்தகை. பணம் ஜமீன்களும் வணிகர்களும் கொடுத்தது. கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கப்போகிறது?

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதன் நாடகங்களால்தான் இந்த ஹால் பெயர் பெற்றது. முதலியார் வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. கூத்தாடி என்பது வசைச் சொல்லாக இருந்த காலத்தில், படித்த கனவான்களும் வேஷம் கட்டலாம் என்று அந்தச் சபை நிறுவியது. நாடகத்துக்கு அது செய்ததை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மதிப்பு கனவான்களுக்குக் கிடைத்ததே தவிர, தெருவில் தலைமுறை தலைமுறையாக ஆடியவனுக்கு வசைச் சொல்தான் மிஞ்சியது. இன்றைக்கும் சண்டையில் முதலில் வாயில் வருவது அந்தச் சொல்தானே?

இந்த ஹாலின் கதையில் எங்களுக்கு முக்கியமானது நாடகம் அல்ல, 1892இல் நடந்த சென்னை மகாஜன சபைக் கூட்டம். நீலகிரியிலிருந்து பிரதிநிதியாக அயோத்திதாசப் பண்டிதர் வந்திருந்தார். வந்திருந்தவர்கள் வக்கீல்கள், மிராசுதாரர்கள், பட்டதாரிகள். அந்தச் சபை நடுவே எழுந்து, எங்கள் மக்களை விஷ்ணு கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் ஏன் விடக்கூடாது என்று கேட்டார். தஞ்சைப் பக்கத்துப் பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்கிற பொருளில் பதில் சொன்னார். சபை ஆரவாரித்தது. பண்டிதர் உட்கார்ந்துவிடவில்லை. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடமும், தரிசாகக் கிடக்கும் நிலமும் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள் என்றார். பேச்சு சாமியிலிருந்து நிலத்துக்கு மாறிய இடத்தைக் கவனியுங்கள். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்றுதான் திரமென்ஹீர் அறிக்கையை ஒட்டிப் பஞ்சமி நில அரசாணை வந்தது. கூட்டத்தால்தான் ஆணை வந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நிலம் வேண்டும் என்று ஒரு தலித் குரல் அந்த மேடைக்கு முன்னால் எழுந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

அந்த ஹால் என்றதும் எல்லோரும் 1916 நவம்பரைச் சொல்வார்கள், பிராமணரல்லாதார் இயக்கம் அங்கே கருக்கொண்டது என்பார்கள். சொல்லட்டும். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குரல் அங்கே எழுந்துவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். முதலமைச்சராக இருந்த குமாரசுவாமி ராஜா தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் இது. கலைக்கு இடம் கொடுத்த ஊர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கும் பெருமைதான். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவுக்காக நாங்கள் ஒரு மண்டபம் கேட்டுப் போனோம். முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். நோட்டீஸில் பறையாட்டம் என்று பார்த்ததும், "தம்பி, அதை வெளிய வாசல்ல வச்சுக்கோங்க, உள்ள வேண்டாம், மத்தவங்க சாமான் புழங்குற இடம்" என்றார் மேலாளர். அண்ணன் எங்களோடு நின்றிருந்தார். சிரித்துக்கொண்டே, "பபூனையாவது உள்ள விடுவாங்களா, கேளு" என்றார். முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தோம். விழா தெருவில் நடந்தது, டியூப் லைட் கட்டி. கூட்டம் நன்றாகவே வந்தது. ஆனாலும் அந்தப் படியேறி உள்ளே போய் ஆடியிருக்க வேண்டும் என்ற ஆத்திரம் எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

சென்னை மாநகராட்சி 2023இல் அந்த ஹாலைப் புதுப்பிக்கத் தொடங்கியது. கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும் திட்டத்தில் உண்டு. நேர்காணலுக்கும் தேர்வுக்கும் சென்னை போகிற மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் ஐந்து நிமிடம். உள்ளே போய், 1892 என்ற ஆண்டுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பண்டிதர் பெயர் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால் பார்வையாளர் புத்தகத்தில் நீங்களே எழுதிவிட்டு, ஆணையருக்கு ஒரு மனுவும் போடுங்கள். மனுவின் வாசகம் தயாராக இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் வாசலில் தருகிறோம்.