தேனீக்கு ஒரு தட்டுத் தண்ணீர்

(தோட்டத்து மாதர் கூட்டத்தில் சங்க உறுப்பினர் ஒருவர் பேசியது)



பூச்சிக்குத் தண்ணீர் வைப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்னால் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். குளவி கொட்டி எத்தனை பேரை மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்! அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டமாக வந்து கொட்டுவது குளவியும், மரத்திலும் பாறையிலும் பெரிய கூடு கட்டும் மலைத்தேனீயும். கூடு இருக்கிற மலைக்கு ஆள் அனுப்பாமலிருப்பதும் கூட்டை அகற்றுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதை நாம் விடாமல் கேட்போம்.

நான் சொல்வது நம் லயத்துத் தோட்டத்தில் பூசணிப் பூவுக்கு வருகிற சின்னத் தேனீயை. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ மகரந்தம் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். சௌ சௌவும் அப்படித்தான். வாங்குகிற சம்பளத்தில் சந்தைக் காய்கறி கட்டுப்படியாகாத நமக்கு அந்தப் பிஞ்சு பெரிய விஷயம்.

தை, மாசி வெயிலில், ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியில், அதற்கும் தண்ணீர் தேவை. கூட்டைக் குளிர வைக்கவும், கெட்டித் தேனைக் கரைத்துப் புழுக்களுக்கு ஊட்டவும் தண்ணீர் எடுக்கும். கிடைக்காவிட்டால் பீலிக்கரை ஈரத்தில் வந்து உட்காரும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளை மிதிக்கும், அது கொட்டும், நாம் அடித்துக் கொல்வோம்.

ஒரு பழைய தட்டு போதும். கூழாங்கல்லை நிரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும்படி தண்ணீர் ஊற்றுங்கள். கல் இல்லாவிட்டால் பூச்சி மூழ்கிச் செத்துப்போகும். சீனி, தேன் எதுவும் கலக்க வேண்டாம். பாதையையும் பிள்ளைகள் விளையாடும் இடத்தையும் விட்டுத் தள்ளி, பூச்செடி ஓரமாக வையுங்கள். இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். பழகிய இடத்துக்குத்தான் அது திரும்பி வரும். லயத்துக்குப் பக்கத்தில் குளவிக்கூடோ மலைத்தேனீக் கூடோ இருந்தால் மட்டும், அது போகும்வரை தட்டு வேண்டாம்.

மருந்து வந்த கேனை வெட்டி வைக்கவே கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் கூடாது. நம் வீட்டுத் தண்ணீருக்கும் அந்தக் கேன் ஆகாது என்பதை இந்தச் சாக்கில் சொல்லி வைக்கிறேன்.

டெங்கு வராதா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். தண்ணீரை அப்படியே விட்டால் வரும். தினமும் காலையில் பிரட்டுக்குப் போகுமுன் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வாரம் இரண்டு தடவை தட்டையும் கல்லையும் தேய்த்துக் கழுவ வேண்டும். மழை பிடித்துவிட்டால் தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.