கேனிங் ஆற்றங்கரையில் ஒரு வரைபடக்காரர்

வரைபடம் வரைவதைக் கலை என்று சொன்னால், அதெல்லாம் கணக்கு வேலை என்று சிரிப்பவர்கள் உண்டு. அலாஸ்காவின் வடகோடியில், மரமே முளைக்காத சமவெளி வழியே கடலில் விழும் கேனிங் ஆற்றுப் பகுதியின் பழைய படம் அவர்களுக்கு நல்ல பதில்.

அதை வரைந்தவர், 1906இல் ஆர்க்டிக் கடலில் புதுநிலம் தேடி டேனிஷ் ஆய்வுப்பயணி ஐனார் மிக்கெல்சனுடன் கிளம்பிய எர்னெஸ்ட் லெஃபிங்வெல். தேடிய நிலம் கிடைக்கவில்லை. கப்பலும் பனிக்கட்டியால் சேதமடைந்தது. அதன் பலகைகளைக் கழற்றி கரையோர ஃபிளாக்ஸ்மன் தீவில் குடில் போட்டார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள்; இவர் தங்கினார். நடுவில் போய்வந்ததைக் கழித்தால், 1914 வரை ஒன்பது கோடை, ஆறு குளிர்காலம். செலவும் பெரும்பாலும் சொந்தப் பணம்.

இவருக்கு முன்பே, 1901இல், நிலவியலாளர் ஷ்ரேடரும் நிலப்படம் வரைபவரான பீட்டர்ஸும் புரூக்ஸ் மலைத்தொடரைக் கடந்து, கோல்வில் ஆற்றோடு இறங்கி ஒரே கோடையில் கடலைத் தொட்டார்கள். பெரிய சாகசம்தான். ஆனாலும் அவர்கள் படம் போன வழியின் படம். லெஃபிங்வெல் வரைந்தது அங்கேயே குடியிருந்தவரின் படம்.

வேலை எப்படி நடக்கும்? முக்காலிமேல் ஒரு பலகை, அதில் காகிதம், குறிபார்க்க ஒரு சட்டம். சிகரத்தை நோக்கி ஒரு கோடு. தூரத்தை அளந்து, இன்னோர் இடத்திலிருந்து அதே சிகரத்துக்கு மறு கோடு. இரண்டும் வெட்டுமிடத்தில் சிகரம் வந்து உட்கார்ந்துவிடும். மலைப்பக்கம் இது சரி. கடலோரச் சமவெளியில் எதைக் குறிவைப்பது? கம்பை நட்டுக் குறியை நாமே உண்டாக்க வேண்டும். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும் சிறு படகிலும் திரும்பத் திரும்பப் போனதால்தான் அந்தக் கரைக்கு ஒரு வடிவம் கிடைத்தது.

அந்தப் பொறுமையில் இன்னொன்றும் பிடிபட்டது. குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கிறது. வசந்தத்தில் உருகிய நீர் வெடிப்பில் இறங்கி உறைகிறது. வெடிப்பில் உறைந்த இந்தப் பனி ஆப்பு ஆண்டுதோறும் தடிக்கிறது. உறைநிலத்தின் கட்டங்கட்டமான தோற்றத்துக்கு அவர் சொன்ன இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது.

அப்பகுதியின் இனுப்பியாட் மக்கள் வழங்கிய இடப்பெயர்களைக் கேட்டுப் பதிந்தார் என்பதற்காகவும் அவரை மெச்சுவேன். வெற்றிடம் என்று நினைத்துத் தன் நண்பர்கள் பெயரையெல்லாம் ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் அன்று சாதாரணம்.

எல்லாம் 1919இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் நூலாக வந்தது. அதில் ஒரு பாறை அடுக்குக்கு அவர் வைத்த பெயர் சாட்லரோச்சிட். 1968இல் அலாஸ்காவின் பிரூடோ விரிகுடாவில் பெருமளவு எண்ணெய் கிடைத்தது அந்தப் பாறையில்தான். அப்போது லெஃபிங்வெல்லுக்கு வயது 93.