சங்கீதம் என்னும் நூலும் சங்கீதம் என்னும் கலையும்



இன்றைய பொருளை ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் வழங்கும் விவிலியத்தில், தாவீதின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 150 பாடல்களின் தொகுதிக்குச் 'சங்கீதம்' என்று பெயர். இசைக்கலைக்கும் அதுவே பெயர். ஒருவர் 'காலையில் சங்கீதம் படித்தேன்' என்றால், அவர் விவிலியத்தைத் திறந்தாரா, சுருதிப்பெட்டியைத் திறந்தாரா என்பதை அவருடைய வீட்டை அறிந்தவரே சொல்லக்கூடும். கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு 'திருப்பாடல்கள்' என்னும் தமிழ்ப் பெயரை இட்டது. நமக்கு அப்பெயர் உவப்பானதே. ஆயினும் பழைய பெயரிலும் ஓர் உண்மை உண்டு. கிரேக்க மொழிபெயர்ப்பில் இப்பாடலுக்கு வழங்கிய 'சல்மோஸ்' என்னும் சொல் நரம்பை மீட்டுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. எபிரேய மூலத்தின் தலைப்புகள் பலவற்றில் இசைத்தலைவனுக்கு உரிய குறிப்புகள் காணப்படுகின்றன. பாடலின் இடையிடையே 71 முறை வரும் 'சேலா' என்னும் சொல்லும் இசைக்குறிப்பே எனப் பலரும் கருதுவர்.

சொற்கள் நமக்குக் கிடைத்தன, பண்கள் கிடைக்கவில்லை. நம் தேவாரப் பண்களை ஓதுவார் மரபு காத்ததுபோல், எருசலேம் ஆலயத்தில் ஒலித்த இசை காக்கப்படவில்லை. எனவே இப்பாடல்களை ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு மக்களும் தமக்கென இசையைப் படைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இசையமைத்தல் இங்கு வழிபாட்டுக்குச் சூட்டிய அணி மட்டுமன்று; 'இவை எம் சொற்களே' என்று ஒரு சமூகம் அறிக்கையிடும் செயல்.

ஜெனீவா நகரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சூரிக் நகரில் சுவிங்கிலி வழிபாட்டிலிருந்து இசையையே நீக்கினார். கால்வினோ பாடலை விலக்கவில்லை. ஆனால் திருக்கூட்டத்தில் சங்கீதங்களையே முதன்மையாக, இசைக்கருவியின்றி, எல்லாரும் ஒரே குரலில் பாட வேண்டும் என்றார். 1539இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் சிறு தொகுப்பாகத் தொடங்கிய பணி 1562இல் நிறைவுற்றது. அரசவைப் புலவர் கிளமாங் மாரோ பாதியில் மறைய, தியோடோர் பேசா பிரெஞ்சு யாப்பில் எஞ்சியவற்றை ஆக்கி முடித்தார். மெட்டுகள் ஏறத்தாழ 125. பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம். சுரத்தின் அளவும் நெடிது, குறிது என இரண்டே. தமிழ் இலக்கணம் பயின்றவர் இதைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடக்கூடும். பொறுங்கள், அங்குள்ள நெடிலும் குறிலும் மெட்டுக்கு உரியவை, சொல்லுக்கு உரியவை அல்ல. நம் மொழியில் நிகழ்ந்த சிக்கல் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தரின் மரபினர். லூத்தர் சங்கீதங்களைத் தழுவி ஜெர்மானியத்தில் பாடல் இயற்றியவர். 46ஆம் சங்கீதத்திலிருந்தும் 130ஆம் சங்கீதத்திலிருந்தும் அவர் ஆக்கிய பாடல்கள் உலகறிந்தவை. அம்மரபின் மெட்டுகள் கடல் கடந்து வந்து தமிழ்ச் சொற்களை ஏற்றன. அவையே ஞானப்பாட்டுகள். மெட்டு முன்னரே முடிவாகிவிட்டது. சொல்தான் அதற்குள் புக வேண்டும். மெட்டு நீளும் இடத்தில் குறில் அமைந்தால் என்னாகும்? 121ஆம் சங்கீதம் மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்தும் பாடல். 'மலை' என்பதன் முதலெழுத்தை நீட்டிப் பாடினால் 'மாலை' ஆகிவிடுகிறது. பாடுபவர் மலையைப் பார்க்கிறாரா, பொழுது சாய்வதைப் பார்க்கிறாரா என்று குழந்தைகள் கேட்டால் விடை சொல்ல இயலாது. 'கண்' 'காண்' ஆவதும், 'விடு' 'வீடு' ஆவதும் இவ்வகையினவே. ஜெர்மானியத்திலும் ஆங்கிலத்திலும் அழுத்தம் விழும் அசை மெட்டின் வலிய இடத்தில் அமைந்தால் போதும். நம் மொழியிலோ மாத்திரை பொருளையே மாற்றுகிறது.

அவ்வாறாயின் தமிழில் இசைக்காகக் குறிலை நீட்டவே கூடாதா என்று கேட்கலாம். தொல்காப்பியர் இதற்கு இடம் தந்திருக்கிறார். நூன்மரபின் இறுதி நூற்பா, உயிர் தன் அளவைக் கடந்து ஒலித்தலும் ஒற்று நீண்டு இசைத்தலும் உண்டு என்றும், அவை இசைநூலுக்கு உரியவை என்றும் கூறுகிறது. இரண்டாவதாகச் சொன்ன ஒற்றின் நீட்டத்தையே இசையமைப்பாளர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். 'கண்' என்பதில் உயிரை நீட்டாமல் 'ண்' என்னும் மெல்லின ஒற்றில் குரல் தங்கினால் இசையும் நிறையும், சொல்லும் சிதையாது. தேர்ந்த பாடகர்கள் இதைச் செவியால் அறிந்து செய்கிறார்கள். மேலை மெட்டுக்குப் பழகிய பாடற்குழுவினருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து செழித்த கீர்த்தனை மரபு, சிக்கலை மறுமுனையிலிருந்து அணுகியது. அங்கு இராகமும் தாளமும் எதுகை மோனையும் இந்த மண்ணின் வழக்கில் அமைந்தன. ஆகவே சொல் மெட்டுக்கு அடிமைப்படவில்லை. எபிரேயக் கவிதையின் அமைப்பும் இதற்குத் துணை நின்றது என்பது நம் கருத்து. ஓர் அடியின் முற்பாதி கூறிய பொருளைப் பிற்பாதி வேறு சொல்லால் மீண்டும் கூறுவதே அக்கவிதையின் இயல்பு என்று இராபர்ட் லௌத் 1753இல் வெளியிட்ட விரிவுரைகளில் விளக்கினார். இதைப் 'பொருள் எதுகை' என்று சொல்லிப் பார்க்கலாம். ஒலி எதுகை மொழிபெயர்ப்பில் மாய்ந்துபோகும். பொருள் எதுகை பிழைக்கும். பல்லவி சொன்னதை அனுபல்லவி வளர்த்துச் சொல்லும் கீர்த்தனையில் அது இயல்பாக வந்து அமர்கிறது. 136ஆம் சங்கீதத்தில் இறைவனின் பேரன்பைச் சொல்லும் ஒரே தொடர் 26 வசனங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. பல்லவி என்னும் சொல்லை அறியாத ஒருவர் பல்லவிக்கென்றே எழுதிவைத்ததுபோல் இருக்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கத் திருப்பலியில் தாய்மொழி இடம்பெற்றபோது, வாசகத்துக்கு மறுமொழியாக மக்கள் பாடும் திருப்பாடல் 'பதிலுரைப் பாடல்' எனப்பட்டது. மக்கள் திரும்பப் பாடும் வரிக்கு வழிபாட்டு ஏடுகளில் 'பல்லவி' என்றே குறியிட்டனர். உரோமை வழிபாட்டின் ஓர் உறுப்புக்கு நம் இசைச் சொல் சிறிதும் உறுத்தாமல் பொருந்திவிட்டது.

இனி, சற்று வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. ஒப்பாரியும் முகாரியும் உடைய நாம் இவற்றுக்கு இசையமைப்பதில் முந்தியிருக்க வேண்டும். ஆனால் நாம் கேட்டவரை, புதிய பாடல்களில் பெரும்பாலானவை புகழ்ச்சிச் சங்கீதங்களையே நாடுகின்றன. துயரில் வந்து அமர்ந்திருப்பவர் தம் நிலையைப் பாட அங்கே வரி இல்லை. முறையிடுவதும் நம்பிக்கையின் மொழிதான். கேட்பவர் இருக்கிறார் என்று எண்ணாதவர் முறையிடமாட்டார். இங்குள்ள இளைய இசையமைப்பாளர்கள் 88ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் விருப்பம். அதற்கு மகிழ்ச்சியான முடிவு ஒன்றைச் சேர்த்துவிட வேண்டா.

இறுதியாக ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டின் தமிழ் வழிபாடுகளில் திரையில் உரோமன் எழுத்தில் பாடல் தோன்றுவதும், இளையோர் அதைப் பார்த்துப் பாடுவதும் காண்கிறோம். அவர்கள் பாடுவதே பெரிது, அதை இகழ்வதற்கில்லை. ஆனால் 'வழி', 'வலி', 'வளி' மூன்றையும் அவ்வெழுத்து பல வேளைகளில் ஒன்றாகவே காட்டுகிறது. 25ஆம் சங்கீதம் இறைவனிடம் வழியைக் கற்பிக்குமாறு வேண்டுகிறது. திரையைப் பார்த்துப் பாடும் பிள்ளை வேண்டுவது வழியா, வலியா? தமிழெழுத்தில் ஒரு வரியும் அதன்கீழ் உரோமன் எழுத்தில் ஒரு வரியுமாக அமைத்து, வாரம் ஒரு பாடலின் சொற்களை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் செய்தால், ஓராண்டில் ஐம்பது பாடல்கள் ஆகும். மெட்டைப் பிறகு சொல்லித்தரலாம்.

உங்கள் வினாக்களைக் கேட்க ஆவலாக உள்ளோம்.